எட்டாம் மாதமா, 34 ஆவது வாரமா? குறைமாதப் பிள்ளையைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டவை மூன்று. மல்லாவியில் இருக்கும் உங்கள் மனைவிக்கு ஒக்டோபர் 28 ஆம் திகதி, 34 வாரமும் 3 நாளும் ஆன நிலையில், 2 கிலோ 50 கிராம் நிறையுடன் ஆண் குழந்தை பிறந்து, இப்போது வைத்தியசாலையின் விசேட பராமரிப்புப் பிரிவில் இருக்கிறது. ‘ஏழில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது’ என்று சொல்லி உங்கள் மாமியார் அழுகிறார். அது உண்மையா என்பது முதற் கேள்வி. பிரசவத்திற்கு ஐந்து நாள் முன்னதாக, வயிறு இறுகுகிறது என்று போனபோது பெரிய வைத்தியசாலைக்கு மாற்றிப் போட்ட நான்கு ஊசிகளால்தான் பிள்ளை முந்திப் பிறந்ததா என்பது இரண்டாவது. 37 வாரம் நிறையப் போகும் உங்கள் தங்கைக்கு, சாத்திரியார் குறித்துக் கொடுத்த நாளில் சத்திரசிகிச்சை செய்ய வைத்தியர் ஏன் மறுத்தார், 37 வாரம் என்றால் மாதம் நிறைந்ததுதானே என்பது மூன்றாவது. வன்னியில் நெடுங்காலம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மூன்று கேள்விகளுக்கும் அடியில் கிடப்பது ஒரே சிக்கல்தான்: வீட்டில் மாதத்தால் எண்ணுகிறார்கள், வைத்தியசாலையில் வாரத்தால் எண்ணுகிறார்கள்.

கருவுற்றிருப்பவளை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. மாதவிடாய்க்குப் பின் முழுகும் முழுக்குத் தவறிவிட்டது என்பதே அதன் பொருள். வைத்தியசாலைக் கணக்கும் ஏறத்தாழ அங்கிருந்தே தொடங்குகிறது: கடைசியாக வந்த மாதவிடாயின் முதல் நாள். அந்த நாளில் கரு உருவாகியிருக்காது. அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்தே உருவாகும். ஆனால் கரு உருவான நாளை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, மாதவிடாய் தொடங்கிய நாளைப் பெண்ணால் சொல்ல முடியும் என்பதால் அதையே தொடக்கமாகக் கொண்டார்கள். அதிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். ஒரு மாதத்துக்கு 28 நாள் என்று வைத்தால் இது சரியாகப் பத்து மாதம். ஆகவே ‘பத்து மாதம் சுமந்து பெற்றேன்’ என்பது தாய்மார் மிகைப்படுத்திச் சொல்லும் பேச்சன்று. நாட்காட்டி மாதத்தால் எண்ணினால் அதே காலம் ஒன்பது மாதமும் ஏறக்குறைய ஒரு வாரமும் ஆகும்.

இப்போது உங்கள் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். கடைசி மாதவிடாய் மார்ச் 1 அன்று தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து ஒக்டோபர் 28 வரை 241 நாள். நாட்காட்டியைப் பார்ப்பவர் ஏழு மாதமும் 27 நாளும் என்பார். அவருக்கு இது எட்டாம் மாதம். 28 நாளை ஒரு மாதமாகக் கொள்பவருக்கு எட்டு மாதம் முடிந்து 17 நாள். அவருக்கு இது ஒன்பதாம் மாதம். கரு உருவான நாளிலிருந்து எண்ணுபவருக்கு 227 நாள் மட்டுமே; ஏழரை மாதம் என்று அவர் சொல்லுவார். ஒரே பிள்ளை, ஒரே நாள், மூன்று கணக்கு. மாமியார் எந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு எட்டு என்று அஞ்சுகிறார் என்று பதமாகக் கேட்டுப் பாருங்கள். அவரிடமும் விடை இருக்காது.

எட்டாம் மாதத்தைப் பற்றிய இந்த அச்சம் நம் ஊரில் மட்டும் உள்ளதன்று. ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ எழுத்துகளிலும் ஏழு மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாதப் பிள்ளை பிழைக்காது என்ற கருத்து உண்டு. இவ்வளவு பழைய நம்பிக்கை ஏன் நிலைத்தது என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம், அக்காலத்தில் திகதி ஒழுங்காகத் தெரியாமலிருந்ததே. உண்மையில் ஏழு மாதத்தில் பிறந்த பிள்ளைகளிற் பலர் முதல் நாளிலேயே இறந்திருப்பார்கள். பிழைத்து வளர்ந்து ‘ஏழில் பிறந்தவன்’ என்று பேர் எடுத்தவர்களிற் பலர், நாள் தவறி எண்ணப்பட்டு எட்டரையிலோ ஒன்பதிலோ சிறிய உருவத்துடன் பிறந்தவர்களாக இருந்திருப்பார்கள். 2009 இன் முதல் மாதங்களில் இடம்பெயர்ந்து கொண்டிருந்த தாய்மாரிற் பலரிடம் கர்ப்பவதி அட்டையும் இல்லை, ஸ்கானும் இல்லை. அக்காலத்தில் பிறந்து இன்று வளர்ந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றி அவர்களின் தாய்மார் சொல்லும் மாதக் கணக்கை நான் ஒருபோதும் அப்படியே எழுதிக்கொண்டதில்லை. கருப்பையில் ஒரு நாள் கூடினால் பிழைக்கும் வாய்ப்பும் கூடும். ஏழிலிருந்து எட்டுக்குப் போகும்போது அது குறையும் என்பதற்கு உடற்கூற்றில் இடமே இல்லை.

37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் பிள்ளையைக் குறைமாதப் பிள்ளை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. 28 வாரத்திற்கு முன் பிறப்பவர்கள் மிக மிக முந்தியவர்கள்; 28 இலிருந்து 32 வாரத்திற்குள் பிறப்பவர்கள் மிக முந்தியவர்கள்; 32 இலிருந்து 37 இற்குள் பிறப்பவர்கள் சற்றே முந்தியவர்கள். 2020 இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் பிள்ளைகள் குறைமாதத்தில் பிறந்தார்கள்; பத்துப் பிறப்புக்கு ஒன்று என்ற அளவு. அவர்களிற் பெரும்பாலானோர், நூற்றுக்கு 85 பேர் அளவில், மூன்றாவது கூட்டத்தில் வருபவர்கள். உங்கள் மகனும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான். பொதுவாக இவர்கள் பிழைத்து நன்றாக வளர்கிறவர்கள். ஆனால் ‘கொஞ்சம் சின்னப் பிள்ளை, வேறொன்றுமில்லை’ என்று இருந்துவிடவும் கூடாது.

நிறைமாதத்தில் பிறந்தும் இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாக இருக்கும் பிள்ளை வேறு, முந்திப் பிறந்த பிள்ளை வேறு. முதலாவது பிள்ளைக்குச் சதை குறைவு. இரண்டாவது பிள்ளைக்கு உறுப்புகளின் முதிர்ச்சி குறைவு. காற்றறைகள் மூச்சு விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ‘சர்ஃபக்டன்ட்’ என்ற பொருள் நுரையீரலில் போதிய அளவு சேர்வது 34, 35 ஆவது வார அளவில்தான். உறிஞ்சி, விழுங்கி, இடையில் மூச்சும் எடுக்கும் ஒழுங்கு கைவருவதும் 34 ஆவது வாரத்தை ஒட்டியே. அதனால்தான் உங்கள் மகன் முலையைப் பிடித்து இரண்டு மூன்று முறை உறிஞ்சிவிட்டு உறங்கிப்போகிறான், அது சோம்பலன்று. உடம்பைச் சூடாக வைத்திருக்கும் கொழுப்பு, தாயிடமிருந்து வரும் இரும்புச்சத்து, நோய் எதிர்ப்புப் பொருள்கள் ஆகியவை பெரும்பாலும் கடைசி வாரங்களிற் சேர்பவை. ஈரலும் முதிராததால் செங்கமாரி நிறம் விரைவில் ஏறும். மூளையைப் பற்றிச் சொன்னால் பலர் நம்புவதில்லை: 35 ஆவது வாரத்தில் அதன் நிறை, 39, 40 ஆவது வாரத்தில் இருக்கப்போகும் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான்.

ஊசிக்கு வருகிறேன். உங்கள் மனைவி ஒக்டோபர் 23 அன்று, 33 வாரமும் 5 நாளும் ஆனபோது போயிருக்கிறார். 12 மணித்தியாலத்துக்கு ஒன்றாகப் போட்ட அந்த நான்கு ஊசிகளும் நீங்கள் சொல்லும் விவரப்படி டெக்ஸாமெதசோனாகவே இருக்க வேண்டும்; அட்டையில் பார்த்தால் உறுதியாகும். அது பிரசவ வலியை வரவழைக்கும் மருந்தன்று. நியூசிலாந்தைச் சேர்ந்த லிகின்ஸ் என்ற வைத்தியர் ஆட்டின் பிரசவத்தை ஆராய்ந்தபோது, இவ்வகை மருந்து கொடுத்த ஆட்டுக்குட்டிகள் மிக முந்திப் பிறந்தும் மூச்சுவிடுவதைக் கண்டார். அவரும் ஹோவி என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து தாய்மாருக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1972 இல் வெளிவந்தது. தாய்க்குப் போடும் ஊசி கருப்பையிலிருக்கும் பிள்ளையின் நுரையீரலை முதிரச் செய்கிறது. முழுப் பயன் கிடைப்பதற்குச் சுமார் ஒரு நாள் வேண்டும், ஒரு வாரத்துக்குள் பிறந்தால் பயன் மிகுதி. உங்கள் மகன் ஐந்தாம் நாள் பிறந்தான். அவன் இயந்திரத்தின் துணையின்றி மூச்சுவிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள்; அந்த ஊசிகளுக்கும் அதில் பங்கு உண்டு. இறுக்கம் முதலில் வந்தது, ஊசி பிறகு வந்தது என்பதை மாமியாருக்கு நாள் வாரியாகச் சொல்லிக் காட்டுங்கள்.

வேறு வைத்தியசாலைக்கு மாற்றியதும் அதே காரணத்தினாற்றான். குறைமாதப் பிள்ளையைக் கொண்டு செல்ல மிகச் சிறந்த வாகனம் தாயின் வயிறு. பிறந்த பின் குளிரவிடாமலும் மூச்சுத் தடைப்படாமலும் அம்புலன்சில் ஏற்றிச் செல்வதைக் காட்டிலும், பிறக்குமுன் தாயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பன்மடங்கு பாதுகாப்பானது. துணுக்காய், ஒட்டுசுட்டான், மாந்தை கிழக்கு போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு இது வெறும் அறிவுரையன்று, தூரத்தின் கணக்கு. ஒழுங்காக வந்து போகும் வயிற்று இறுக்கம், கீழ் முதுகில் விடாத வலி, தண்ணீர்க்குடம் கசிதல், இரத்தம் படுதல், பிள்ளையின் அசைவு குறைதல், கடுந் தலையிடியுடன் கண் மங்குதல் ஆகியவற்றில் ஒன்று 37 வாரத்திற்கு முன் தோன்றினாலும், விடியட்டும் என்று பார்த்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும். உங்கள் மனைவி அன்று பொய்வலியென்று வீட்டில் படுத்திருந்தால் அந்த ஐந்து நாளும் கிடைத்திராது.

அவர் தன்னைத்தான் நோகிறார் என்றும், கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிளில் கிளினிக்குக்குப் போனதால் இப்படி ஆனதென்று உறவினர் பேசுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை நிறுத்துங்கள். பல தாய்மாரில் முந்திய பிரசவத்துக்குக் காரணமே கண்டறியப்படுவதில்லை. அறியப்பட்டவற்றுள் முக்கியமானவை சிறுநீர்த் தொற்று, பிறப்புறுப்புத் தொற்று, இரட்டைப் பிள்ளை, உயர் இரத்த அழுத்தம், கருப்பை வாயின் நீளம் குறைந்திருத்தல், முன்பு ஒருமுறை குறைமாதத்தில் பெற்றிருத்தல், மிகக் குறைந்த இடைவெளியில் மீண்டும் கருவுறுதல், புகைத்தல் போன்றவை. முன்பு வன்னியில் மலேரியாவும் பெரிய காரணமாக இருந்தது. 2016 இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடாகச் சான்று பெற்றதோடு அந்தப் பயம் நீங்கியது. எஞ்சியிருப்பவற்றில் நான் அதிகம் கண்டது சிறுநீர்த் தொற்று. வெயிலில் வயலில் நிற்கும் பெண்கள், மறைவிடம் இல்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் இருந்துவிடுகிறார்கள். எரிவு இல்லாமலே தொற்று இருக்கக்கூடும் என்பதால்தான் கிளினிக்கில் சிறுநீர்ச் சோதனையை வற்புறுத்துகிறோம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அதைப் புகைத்தலாக ஒருவரும் எண்ணுவதில்லை, ஆனால் பிள்ளைக்குப் போய்ச் சேரும் நஞ்சு அதே நிக்கொட்டின்தான்.

இனி வீட்டுக்கு வரும் பிள்ளையைப் பற்றி. வேறெதைச் செய்யாவிட்டாலும் கங்காருப் பராமரிப்பைச் செய்யுங்கள். 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், போதிய இன்கியூபேற்றர் இல்லாத நெருக்கடியில், ரே, மார்ட்டினெஸ் என்ற இரு வைத்தியர்கள் குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைக்கத் தொடங்கினார்கள். இல்லாமையில் பிறந்த அந்த முறை, இன்கியூபேற்றர் உள்ள இடங்களிலும் உயிரைக் காக்கிறது என்று பின்னர் தெளிந்தது. 2022 இல் உலக சுகாதார நிறுவனம், பிறந்தவுடனேயே அதைத் தொடங்கி நாளொன்றுக்கு 8 இலிருந்து 24 மணித்தியாலம் வரை செய்யலாம் என்று பரிந்துரைத்தது. பிள்ளைக்குத் தொப்பியும் அணையாடையும் மட்டும் போட்டு, தோலோடு தோல் படும்படி நெஞ்சில் நிமிர்த்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, துணியால் அணைத்துக் கட்ட வேண்டும். வன்னி வெயிலில் பிள்ளை எப்படிக் குளிரும் என்று கேட்பார்கள். மார்கழிக் காற்றில், மழை நாளில், விடியற்புறத்தில் குளிரும், ஈரத் துணியோடும் குளிரும். தந்தையும் இதைச் செய்யலாம் தம்பி. தாய் முழுகப் போகும் நேரத்தில் பிள்ளையை உங்கள் நெஞ்சில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பால் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, உறங்கினாலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். உறிஞ்சி முடிக்காவிட்டால் எஞ்சியதைக் கறந்து சிறு கோப்பையாற் புகட்டத் தாதியர் பழக்கித் தருவார்கள், போத்தல் வேண்டாம். கோரோசனை, வசம்பு, சீனித் தண்ணீர் எதுவும் நாக்கில் படக்கூடாது. சாம்பிராணிப் புகையும் வேண்டாம். 31 ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு ஊரைக் கூட்டுவதானால் பிள்ளையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்கவிடாமல் உள்ளறையில் வைத்திருங்கள். பழைய காலத்தில் துடக்கு என்று ஒதுக்கி வைத்ததில் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே நன்மை, வெளியார் தொடாததுதான் என்று நான் நினைப்பதுண்டு. பால் குடிக்க மறுத்தால், கைகால் குளிர்ந்தால், நிமிடத்துக்கு 60 இற்கு மேல் மூச்சு வாங்கினால், மூச்சுக்கு நெஞ்சு உள்வாங்கினால், மஞ்சள் நிறம் உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். இரும்புச்சத்து, விற்றமின் துளிகளைக் குழந்தை வைத்தியர் குறிக்கும் நாளிலிருந்து தவறாமற் கொடுங்கள். கண்ணையும் செவியையும் பரிசோதிக்கத் திகதி தந்தால் விடவேண்டாம்.

இவனுக்கு இரண்டு பிறந்தநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிகள் எல்லாம் ஒக்டோபர் 28 இலிருந்தே எண்ணப்படும். சிறியவன் என்று தள்ளிப்போடக் கூடாது. ஆனால் சிரித்தானா, கழுத்து நின்றதா, தவழ்ந்தானா என்று பார்ப்பதற்கு 40 வாரம் நிறையும் டிசம்பர் 6 ஐத் தொடக்கமாகக் கொள்ளுங்கள். ஐந்து வாரமும் நான்கு நாளும் முந்தி வந்தவன், ஆறாம் வாரத்தில் சிரிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் போல் பதினோராம் வாரத்திலோ பன்னிரண்டாம் வாரத்திலோதான் சிரிப்பான். இரண்டு வயது வரை இப்படித் திருத்தி எண்ணுவது வழக்கம். அடுத்த பிள்ளைக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி விட்டு, கருவுற்றதும் எட்டு வாரத்திற்குள் பதிந்து, முதல் நாளே இந்தப் பிரசவத்தைப் பற்றிச் சொல்லுங்கள்; கருப்பை வாயின் நீளத்தை ஸ்கானில் அளந்து, தேவையானால் கர்ப்பத்தைத் தாங்க உதவும் புரோஜெஸ்ரரோன் என்ற ஹோர்மோனைக் கொடுக்க வழியுண்டு.

தங்கையின் விடயத்தில் வைத்தியர் சொன்னதே சரி. 37 வாரத்தைக் கடந்தால் குறைமாதம் என்ற பேர் போய்விடும், அவ்வளவுதான். 2013 இல் அமெரிக்க மகப்பேற்று நிபுணர்களின் கல்லூரி நிறைமாதத்தையே பிரித்துக் காட்டியது: 37, 38 ஆவது வாரங்கள் நிறைமாதத்தின் வாயில், 39 நிறைந்ததிலிருந்து 40 வாரமும் 6 நாளும் வரைதான் முழு நிறைமாதம், 41 பிந்திய நிறைமாதம், 42 நிறைந்தால் காலம் கடந்தது. வலி வராமலே 37 இல் சத்திரசிகிச்சையால் எடுத்த பிள்ளைக்கு, 39 இல் எடுத்த பிள்ளையைவிட மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம். பிரசவ வலியின்போது நுரையீரலிலுள்ள நீர் வற்றும், அந்தச் சந்தர்ப்பமும் இப்பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. உயர் இரத்த அழுத்தம், பிள்ளையின் வளர்ச்சி நிற்றல், இரத்தப்போக்கு போன்றவை இருந்தால் வைத்தியரே முந்தி எடுப்பார். அப்போது உள்ளே இருப்பது வெளியே வருவதைவிட ஆபத்தானது. தங்கைக்கு அவற்றில் ஒன்றும் இல்லை என்கிறீர்கள்.

இன்னொன்று. தங்கைக்கு மாதவிடாய்த் திகதி நினைவில்லை, முதல் ஸ்கான் ஏழாம் மாதத்திற்குப் பின் எடுத்தது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட வரி அதுதான். முதல் மூன்று மாதத்திற்குள் எடுக்கும் ஸ்கான் ஒரு வாரத்துக்குள் சரியாக நாள் சொல்லும். அவ்வளவு பிந்தி எடுத்தது இரண்டு மூன்று வாரம் முன்பின்னாகத் தவறலாம். அப்படியானால் அட்டையிலுள்ள 37 உண்மையில் 35 ஆகவும் இருக்கலாம். உங்கள் மகன் பிறந்த வாரத்துக்கு அடுத்த வாரம். நல்ல நாள் பார்ப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வைத்தியர் இந்த நாளிலிருந்து இந்த நாளுக்குள் என்று குறித்துக் கொடுக்கட்டும். சாத்திரியாரிடம் போகும்போது சாதகக் குறிப்போடு கர்ப்பவதி அட்டையையும் கொண்டு போய், அந்த நாட்களுக்குள் ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.